யார் கொடுத்த காசு?

ஒரு பழைய நகரத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு வருகிறவர்களைப் பற்றி நம்மிடையே ஓர் இளக்காரம் உண்டு. "காலையில் போய் இறங்கினான், மாலையில் கப்பலேறினான், இவன் என்னத்தைக் கண்டான்?" என்று கேட்போம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே நகரத்தில் அறுபது வருஷம் குடியிருந்துவிட்டு, ஒரு நாளாவது அதை நிமிர்ந்து பார்க்காமல் கண்ணை மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். பொழுதின் அளவை வைத்துப் பார்வையின் அளவைச் சொல்லிவிட முடியாது. எத்தனை நாள் பார்த்தோம் என்பதைவிட, எதைக் கேட்டுக்கொண்டு பார்த்தோம் என்பதே பெரிது என்று எனக்குப் படுகிறது.

கிரேக்கத் தீவுகளைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல்கள் பல, ஏதென்ஸ் நகரத்தின் துறைமுகமான பிரேயஸிலிருந்து புறப்படுகின்றன. ஊருக்கும் துறைக்கும் சுமார் 10 கிலோமீட்டர். காலையில் ஊரைச் சுற்றிவிட்டு மாலையில் கப்பலேறுவது அந்தப் பிரயாணத்தில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. எனக்கும் அப்படி ஒரு பகல் கிடைத்தது. அந்தப் பகலில் கண்டவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி எழுதப்போவதில்லை. அதற்கு நல்ல வழிகாட்டி நூல்கள் இருக்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னை விடாமல் பின்தொடர்ந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஓர் அழகான பொருளின் முன்னால் நிற்கும்போது, 'இது யார் கொடுத்த காசில் உண்டாயிற்று?' என்று கேட்கலாமா? கேட்டால் அழகு குறைந்துபோகுமா? கேட்காமல் ரசித்துவிட்டு வந்தால் வந்தவனிடம் ஏதாவது குறை உண்டா?

முதலில் அந்த அழகைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் கணக்குக் கேட்கத் தொடங்குவது அழகுக்குச் செய்கிற அநியாயம்.

அக்ரோபோலிஸ் குன்றின்மேல் ஏறி, வாயில் மண்டபத்தைக் கடந்து, பார்த்தினான் கோயில் கண்ணில் படுகிற கணத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. எங்களோடு ஏறிய கூட்டத்தில் இரண்டு சிறுவர்கள் வழி நெடுக எதற்கோ சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அவர்கள்கூட ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றார்கள். கி.மு. 447இல் வேலையைத் தொடங்கி, 438இல் கோயிலை அதீனா தேவிக்கு அர்ப்பணம் செய்து, 432இல் சிற்பங்களை முடித்திருக்கிறார்கள். இக்டினஸ், காலிக்ரட்டிஸ் என்ற இருவர் கட்டடத்துக்குப் பொறுப்பு, சிற்பங்களுக்குப் பீடியாஸ். சுற்றிலும் 46 தூண்கள். பெண்டலிகன் மலையிலிருந்து வெட்டி வந்த வெள்ளைச் சலவைக்கல்லில் காலப்போக்கில் தேன்நிறம் ஏறியிருக்கிறது. அடித்தளம் சமமட்டமாக இல்லை. நடுவில் லேசாக மேலெழும்பியிருக்கிறது. தூண்கள் செங்குத்தாக இல்லை; உட்புறமாகச் சற்றே சாய்ந்திருக்கின்றன. நேராகக் கட்டினால் கண்ணுக்கு வளைந்து தெரியும் என்பதால், நேராகத் தெரிவதற்காகவே வளைத்துக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். மனிதக் கண்ணின் பலவீனத்தை இவ்வளவு அன்போடு பொறுத்துக்கொண்ட கட்டடம் வேறொன்றை நான் கண்டதில்லை.

இவ்வளவு அழகுக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

கதை ஏதென்ஸில் தொடங்கவில்லை. கடலுக்கு நடுவில் டெலாஸ் என்ற ஒரு சின்னத் தீவில் தொடங்குகிறது. பாரசீகர்களின் படையெடுப்பை முறியடித்த பிறகு, கி.மு. 478இல் கிரேக்க நகரங்கள் பல ஒன்றுகூடி ஒரு கூட்டணி அமைத்தன. பகைவன் மீண்டும் வந்தால் சேர்ந்து எதிர்ப்பது நோக்கம். ஏதென்ஸ் தலைமை வகித்தது. மற்ற ஊர்கள் கப்பல் கொடுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கொடுக்க வேண்டும். பொதுப் பணம் டெலாஸ் தீவில், அப்பாலோ தெய்வத்தின் காவலில் இருந்தது. கொஞ்ச காலத்தில் காவல் வரி கப்பமாக மாறிவிட்டது. 'எங்களுக்குக் கூட்டணி போதும், விலகிக்கொள்கிறோம்' என்று நாக்ஸாஸ் தீவு சொன்னபோது, ஏதென்ஸ் கப்பல் படையோடு போய் முற்றுகையிட்டு அடக்கியது. கி.மு. 454இல் பெட்டகமே டெலாஸை விட்டு ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்தது. வருகிற கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு அதீனாவுக்குக் காணிக்கை.

குன்றின்மேல் எழுந்த கட்டடங்களுக்கு அந்தப் பணத்தில் எவ்வளவு போயிற்று என்பதில் அறிஞர்கள் மாறுபடுகிறார்கள். ஆனால் அக்காலத்து ஏதென்ஸ்காரர்களே இதைப்பற்றிச் சபையில் சண்டை போட்டுக்கொண்டதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். யுத்தத்துக்கென்று கட்டாயப்படுத்தி வாங்கிய பணத்தைக்கொண்டு, ஆடம்பரக்காரி நகை பூட்டிக்கொள்வதுபோல் நம் ஊருக்குச் சிங்காரம் செய்துகொள்கிறோமே, இது கிரேக்க நாட்டுக்கே அவமானமல்லவா என்று எதிர்க்கட்சியார் கேட்டார்களாம். பெரிக்ளிஸ் அதற்குச் சொன்ன பதில் கெட்டிக்காரத்தனமானது. அவர்கள் நமக்குக் குதிரை கொடுக்கவில்லை, கப்பல் கொடுக்கவில்லை, வீரனைக் கொடுக்கவில்லை, பணம்தான் கொடுக்கிறார்கள். பாதுகாப்பு என்ற சரக்கை நாம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால், பணம் வாங்கினவனுடையது; அதை என்ன செய்தோம் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. மேலும், இந்தக் கட்டடங்களால் தச்சன், கொல்லன், கல்தச்சன், கயிறு திரிப்பவன், வண்டிக்காரன் என்று ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் பிழைப்பு நடக்கிறது. இதுதான் அவருடைய வாதம்.

இந்த வாதத்தை நான் சொல்லி முடித்ததும், என்னோடு வந்திருந்த கோயம்புத்தூர் நண்பர் கையைத் தட்டாத குறையாக மகிழ்ந்துபோனார். நூல் வியாபாரம் செய்து, பிள்ளைகளிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியவர்.

"பெரிக்ளிஸ் சொன்னது நெசந்தானுங்க. காசு வாங்கினோம், சரக்குக் குடுத்தோம். அப்புறம் அந்தக் காசுல நான் ஊடு கட்டினா என்ன, கோயில் கட்டினா என்ன? ஏனுங்க, ரசிக்க வந்த எடத்துல உக்காந்து கணக்குப் பாக்கறீங்களே! வாழ்நாளெல்லாம் கணக்குப் பாத்துச் சலிச்சுப் போயித்தான் நான் இங்க வந்திருக்கறனுங்க."

அவர் சொன்னதில் விளையாட்டும் உண்டு, விஷயமும் உண்டு. ரசனை என்பது ஓர் ஓய்வு. அதற்குள் நியாய விசாரணையைக் கொண்டுவந்து புகுத்தினால் ஓய்வும் கெட்டது, விசாரணையும் அரைகுறை. தவிர, 2,400 வருஷத்துக்கு முன் நடந்ததை இன்று விசாரித்து யாருக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுக்கப்போகிறோம்? கொடுத்தவனும் இல்லை, வாங்கினவனும் இல்லை, கல்தான் இருக்கிறது. கல் அழகாக இருக்கிறது. போதாதா?

போதாது என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், அந்தக் குன்றின் மேலேயே இருந்தது.

பார்த்தினானுக்கு வடக்கே எரெக்தியான் என்று இன்னொரு கோயில். ஆறு பெண்கள் தூண்களாக நின்று தலையில் கூரையைத் தாங்குகிறார்களே, அந்தப் படத்தைப் பார்க்காத வாசகர் இருக்க முடியாது. இன்று அங்கே நிற்பவை நகல்கள். மூலச் சிற்பங்களில் ஐந்து, அடிவாரத்தில் 2009இல் திறந்த புதிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆறாமவள் லண்டனில் இருக்கிறாள். எல்ஜின் பிரபுவின் ஆட்கள் கொண்டுபோனது. அவளுக்கென்று விட்டிருக்கும் வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். கொண்டுபோனவனைப் பற்றிக் கேட்கிறவர்கள் கட்டியவனைப் பற்றியும் கேட்டிருக்கலாமே என்று தோன்றும்.

கேட்டால் பதில் இருக்கிறது. கி.மு. 409ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் எரெக்தியான் வேலை நடந்தபோது எழுதிய கூலிக் கணக்கு கல்லிலேயே கிடைத்திருக்கிறது. யார் எந்தத் தூணில் எத்தனை காசுக்கு வேலை செய்தான் என்று பெயரோடு வெட்டியிருக்கிறார்கள். தினக்கூலி ஒரு டிராக்மா. குடிமகனுக்கும் ஒரு டிராக்மா, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவனுக்கும் ஒரு டிராக்மா, அடிமைக்கும் ஒரு டிராக்மா. இன்னார் என்று அடையாளம் தெரிந்த 86 பேரில் குடிமக்கள் 24 பேர், வந்தேறிகள் 42 பேர், அடிமைகள் 20 பேர். சிமியாஸ் என்று ஒரு கல்தச்சன்; வந்தேறி. அவனும் அவனுடைய அடிமைகளும் ஒரே தூணைச் சுற்றி உட்கார்ந்து வரிவரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். அடிமைகளில் ஒருவன் பெயர் சோசாண்ட்ரோஸ். அவன் பெயரில் எழுதிய கூலி எஜமானின் பைக்குள் போயிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் பெயர் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு உண்டான எண்ணம் இதுதான். கப்பத்தின் கணக்கையும் அவர்கள் மறைக்கவில்லை. அறுபதில் ஒரு பங்கு எந்த ஊரிலிருந்து எவ்வளவு வந்தது என்று வருஷவாரியாகக் கல்லில் வெட்டி, ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு உயரமான பலகையாக அதே குன்றின்மேல் நிறுத்தினார்கள். இன்று அதைத் துண்டு துண்டாகப் பொருத்திக் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் கணக்கு. தெய்வத்துக்குப் பக்கத்தில் கூலிப் பட்டியல். அழகையும் அதன் விலையையும் ஒரே இடத்தில், ஒரே கல்லில் வைக்க அவர்கள் கூச்சப்படவில்லை. கணக்குப் பார்க்கிறவன் ரசிகனாக மாட்டான் என்ற சட்டம் பிறகு வந்தவர்கள் போட்டது. கட்டியவர்கள் போட்டதல்ல.

பிறர் பாட்டனைக் கேள்வி கேட்பது எளிது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குள்ளும் இதே கேள்வியோடு போகலாம். சேரனையும் பாண்டியரையும் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து கொடுத்தவை என்று ராஜராஜன் தன் கொடைகளைப் பற்றிக் கல்லில் சொல்லியிருக்கிறான். அதே கல்லில், கோயில் பணிக்கென்று கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் இருக்கின்றன. அவனும் கூச்சப்படவில்லை. நாம்தான் விமானத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சுவரைப் படிக்காமல் திரும்பி வந்துவிடுகிறோம்.

ஆனாலும் கல்லில் பெயர் வந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஏதென்ஸின் செல்வத்துக்கு இன்னொரு ஊற்று, தெற்கே லௌரியானில் இருந்த வெள்ளிச் சுரங்கம். அதற்குள் இறங்கியவர்கள் அடிமைகள். நிக்கியாஸ் என்ற செல்வர் 1,000 அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார் என்றும், தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபல் வாடகை என்றும் ஜெனபோன் எழுதுகிறார். ஆறு ஓபல் சேர்ந்தால் ஒரு டிராக்மா. இருட்டுக்குள் தவழ்ந்து வெள்ளி வெட்டிய அந்த ஆயிரம் பேரில் யாருடைய பெயரையும் அவர் எழுதவில்லை. கி.மு. 413இல் ஸ்பார்ட்டாவின் படை ஏதென்ஸுக்குப் பக்கத்தில் வந்து கூடாரம் அடித்தபோது, 20,000க்கு மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் கைத்தொழில் தெரிந்தவர்கள் என்கிறார் துஸிடிடீஸ். இன்று அக்ரோபோலிஸுக்குள் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடக்கூடாது என்று 2023இல் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். காலை எட்டு மணி முதல் படிகளில் எறும்பு வரிசைபோல் ஏறிக்கொண்டிருந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் ஓர் ஊரைவிட்டு ஓடினார்கள் என்றால், அந்த ஊரின் அழகு அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அதே குன்றைப் பற்றிப் புளூட்டார்க் ஒரு கோவேறு கழுதையின் கதையும் சொல்கிறார். பார்த்தினான் கட்டும்போது கல் இழுத்து இழுத்துத் தேய்ந்துபோன விலங்குகளை அவிழ்த்துவிட்டு, 'இனி நீங்கள் மேயலாம்' என்று விடுதலை கொடுத்தார்களாம். அவற்றில் ஒன்று தானாகத் திரும்பி வந்து, வண்டி இழுக்கும் மற்றவற்றுக்கு முன்னால் நடந்து, உற்சாகப்படுத்துவதுபோல் குன்றேறிக் காட்டிற்றாம். ஏதென்ஸ் மக்கள் அதைக் கண்டு நெகிழ்ந்து, சாகும்வரை அதற்குப் பொதுச் செலவில் தீனி போட வேண்டும் என்று தீர்மானம் செய்தார்களாம். கதையைக் கேட்கிறபோது முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு அந்த மக்கள் மேல் அன்பு வருகிறது. அதற்கும் பிறகு லௌரியான் ஞாபகம் வருகிறது. இரக்கம் இல்லாத மக்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. கண்ணுக்கு எதிரில் குன்றேறியவனுக்கு இரக்கம் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் சுரங்கத்துக்குள் இருந்தவனுக்குக் கிடைக்கவில்லை. மனிதரின் இரக்கத்துக்கு எப்போதும் இந்தக் குறை உண்டு. அது கண்ணின் பின்னால்தான் போகும்.

இங்கே ஒரு சமாதானம் சொல்வார்கள். "அது அந்தக் காலம், அடிமை வைத்துக்கொள்வது தவறு என்று அன்று யாருக்கும் தெரியாது. இன்றைய அளவுகோலைக்கொண்டு அன்றைய மனிதரை அளக்கலாமா?" என்பார்கள். இது பாதி உண்மை. அடிமைத்தனம் இயற்கையின் ஏற்பாடு என்று வாதித்த அரிஸ்டாட்டில், அதே நூலில், அது இயற்கைக்கு விரோதம், வெறும் பலாத்காரம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று குறிப்பிடுகிறார். ஆக, சொன்னவர்கள் இருந்தார்கள்.

குன்றின் தெற்குச் சரிவில் டயோனிசஸ் அரங்கம் இருக்கிறது. கூட்டம் அதைக் கடந்து மேலே விரைகிறது. நான் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மெலோஸ் என்ற தீவு யுத்தத்தில் யாரோடும் சேராமல் ஒதுங்கியிருக்க ஆசைப்பட்டது. கி.மு. 416இல் ஏதென்ஸ் அந்தத் தீவைப் பிடித்து, கையில் அகப்பட்ட ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அந்தச் செய்தியின் சூடு ஆறுவதற்குள், கி.மு. 415இல், இதே அரங்கத்தில் யூரிப்பிடீஸ் 'டிராய் நாட்டுப் பெண்கள்' என்ற நாடகத்தைப் போட்டார். ஊர் எரிந்துபோய், கணவன்மார் மடிந்துபோய், யாருக்கு யார் அடிமை என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கப்படுகிற பெண்களின் கதை. மெலோஸ் என்ற பெயர் அதில் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. வென்றவர்கள் உட்கார்ந்து, தோற்றவர்களின் அழுகையைக் கேட்டார்கள். போட்டியில் நாடகத்துக்கு இரண்டாம் பரிசும் கொடுத்தார்கள்.

அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது என் கேள்வி எனக்குத் தெளிவாயிற்று. 'யார் கொடுத்த காசு?' என்பது வெளியிலிருந்து வந்தவன் அந்த நகரத்தின்மேல் சுமத்துகிற குற்றச்சாட்டு அல்ல. அந்த நகரம் தன் நல்ல பொழுதுகளில் தன்னையே கேட்டுக்கொண்டது அது. சபையில் கேட்டார்கள், அரங்கத்தில் கேட்டார்கள், சந்தையில் கேட்டார்கள். பார்த்தினானை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வருகிறவன், ஏதென்ஸின் பாதியைத்தான் பார்த்துவிட்டு வருகிறான்.

சந்தையில் கேட்டவர் யார் என்று வாசகர்களுக்குத் தெரியும். குன்றின் அடியில் அகோரா என்ற பழைய சந்தைவெளி. ஹெபஸ்டஸ் கோயில் இன்றும் கூரையோடு நிற்கிறது. இந்த வெளியில்தான் சாக்ரடீஸ் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டார். கி.மு. 399இல் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். விதித்தவுடன் நிறைவேற்ற முடியவில்லை. காரணம் ஒரு கப்பல். ஆண்டுதோறும் டெலாஸ் தீவுக்கு ஏதென்ஸிலிருந்து ஒரு புனிதக் கப்பல் போகும். அது போய்த் திரும்பும்வரை ஊரில் யாரையும் கொல்லக்கூடாது என்பது முறை. 30 நாள் அவர் சிறையில் காத்திருந்தார் என்கிறார் ஜெனபோன். தப்பி ஓடுவதற்கு நண்பர் கிரிட்டோ எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, கப்பல் சூனியான் முனைக்கு வந்துவிட்டதாம் என்ற செய்தியோடு விடியுமுன் வந்து நின்றார். சாக்ரடீஸ் போக மறுத்துவிட்டார். இந்த ஊரின் சட்டங்களின் நிழலில் 70 வருஷம் இருந்து, அவற்றின் நன்மையையெல்லாம் அனுபவித்துவிட்டு, விலை கேட்கும்போது மட்டும் ஓடிவிடலாமா என்பது அவர் நியாயம். அந்த நியாயத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அநியாயமான தீர்ப்புக்குத் தலை கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் கேட்கக்கூடாது. ஆனால் அனுபவித்ததற்குக் கடன் உண்டு, அதை வேறொருவன் தலையில் போட்டுவிட்டு நழுவக்கூடாது என்று சொன்ன அந்தக் குரலுக்கு முன்னால், பெரிக்ளிஸின் கெட்டிக்கார வாதம் சற்றுக் கூசித்தான் நிற்கிறது.

பொழுது சாய, நாங்களும் டெலாஸ் பக்கம் போகும் கப்பலுக்குக் கிளம்பினோம். 1869இல் போட்ட பழைய ரயில்பாதை அகோராவின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போய்ப் பிரேயஸில் முடிகிறது. வண்டியில் நண்பர் மௌனமாக வந்தார். பாதி வழியில், "ஏனுங்க, உங்க புஸ்தகத்துல அச்சாபீசு பேரு இருக்குது. பைண்டு பண்ணினவன் பேரு இருக்குதுங்களா?" என்றார். இல்லை என்றேன். "நம்ம மில்லுத் துணியில நெய்தவன் பேரு எங்கீங்க இருக்குது!" என்று அவரே சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணக்குப் பார்த்துச் சலித்தவரையும் கேள்வி தொற்றிக்கொண்டுவிட்டது.

கப்பலில் என் அறையைக் கவனித்துக்கொண்ட இளைஞன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"ஊர் பாத்துட்டு வந்தீங்களா சார்? மலைமேல கோயில் பாத்தீங்களா?"

"பார்த்தேன் தம்பி. நீ பார்த்திருக்கிறாயா?"

"பதினோரு வாட்டி இந்தத் துறைக்கு வந்திருக்கேன் சார். ஒரு வாட்டிகூட மேல போனதில்ல. ஆள் எறங்கி ஆள் ஏறுற நாள்ல? காலையில ரெண்டாயிரம் பேர் போவாங்க, சாயங்காலம் ரெண்டாயிரம் பேர் வருவாங்க. நடுவில அத்தனை அறையும் சுத்தம் பண்ணணும். எங்களுக்கு மூச்சு விட நேரம் ஏது?"

கடல் தொழிலாளருக்கான சர்வதேச ஒப்பந்தம் ஒன்று உண்டு. 2006இல் எழுதி 2013இல் அமலுக்கு வந்தது. வேலை நேரத்தை உச்ச வரம்பால் கட்டுப்படுத்தினால் ஒரு நாளைக்கு 14 மணிக்கு மேல் போகக்கூடாது, வாரத்துக்கு 72 மணிக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் அளவு. வரம்பே இவ்வளவு என்றால் வேலை எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியா என்று பல தேசத்துப் பிள்ளைகள் மாதக் கணக்கில் வீட்டைப் பிரிந்து இந்தக் கப்பல்களின் அடித்தட்டுகளில் இருக்கிறார்கள். அவர்கள் அடிமைகள் அல்லர். விரும்பி வந்தவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள். அந்தச் சம்பளத்தில் ஊரில் தங்கைக்குக் கல்யாணமும் வீட்டுக்குக் கூரையும் ஆகின்றன. சோசாண்ட்ரோஸோடு அவனை ஒப்பிடுவது இரண்டு பேருக்கும் அவமரியாதை. ஆனால் நான் மேல்தட்டில் நின்று மாலை வெயிலில் தூரத்துக் குன்றைப் பார்த்து ரசித்த அந்த அரைமணி நேரம், யாரோ ஒருவனுடைய அரைமணி நேரத்தால் எனக்கு வாங்கித் தரப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை.

மேலே என்ன இருக்கிறது என்று அவன் கேட்டான். தூண்களைச் சொன்னேன், தேன்நிறத்தைச் சொன்னேன். அந்தக் கோவேறு கழுதையின் கதையைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தான். "கழுதைக்குப் பென்ஷன் குடுத்தாங்களா சார்! நல்ல ஊருதான்" என்றான். சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

மறுநாள் டெலாஸைப் பார்த்தோம். ஒரு காலத்தில் கிரேக்கரின் பொதுப் பணத்தைக் காத்த தீவு. பிற்காலத்தில், ரோமர்கள் அதைச் சுங்கமில்லாத துறைமுகமாக்கிய பிறகு, ஒரே நாளில் 10,000 அடிமைகளை வாங்கி விற்கும் வசதி படைத்த சந்தை என்று ஸ்ட்ராபோ எழுதிய தீவு. இன்று அங்கே ஊர் இல்லை. உடைந்த வீடுகளும், சலவைக்கல் சிங்கங்களும், பல்லிகளும் இருக்கின்றன. அந்தச் சிங்கங்களும் அழகாகத்தான் இருக்கின்றன.

கேட்டதால் அழகு குறைந்ததா என்று என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். குறையவில்லை. எரெக்தியான் தூணில் ஓடுகிற அந்த மெல்லிய வரிகளை வெறும் வரிகளாகப் பார்த்தபோது இருந்த மகிழ்ச்சியைவிட, சோசாண்ட்ரோஸின் உளி போன வழி என்று பார்த்தபோது மகிழ்ச்சி அதிகமாகவே இருந்தது. கொஞ்சம் வலியும் சேர்ந்திருந்தது. ஆனால் பெரிய அழகு எதையும் வலி இல்லாமல் நான் பார்த்ததாக நினைவில்லை.

கேட்பதால் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. சோசாண்ட்ரோஸுக்கும் மெலோஸ் பெண்களுக்கும் இனி யாரும் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர்களைப் பற்றிக் கேட்பது அவர்களுக்காக அல்ல. இறந்தவர்களைப் பற்றிக் கேட்டுப் பழகிய கண்தான், இருப்பவர்கள்மேல் போய் விழும். கூலி சரியாகப் போகிறதா, ஓய்வு கிடைக்கிறதா, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோமா என்று கேட்கத் தோன்றும். அங்கே கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது, கொடுக்கவும் முடியும். ஒரு நாள் பார்வைக்கு இவ்வளவு பலன் உண்டு என்றால், அது போதுமான நாள்தான்.